லே-ஆஃப் என்றால் வேலை போய்விட்டதா?

வேலை பற்றிய ஆங்கிலச் சொற்களில் தமிழ்ச் செய்திகள் அதிகம் குழப்புவது 'லே-ஆஃப்'. 1947ஆம் ஆண்டின் இந்தியத் தொழில் தகராறுகள் சட்டத்தில் அது வேலைநீக்கம் அல்ல. நிலக்கரி, மின்சாரம், மூலப்பொருள் கிடைக்காமலோ இயந்திரம் பழுதாகியோ, பதிவேட்டில் பெயருள்ள தொழிலாளிக்கு முதலாளியால் வேலை தர முடியாத நிலைதான் அது. ஓராண்டு தொடர்ந்து பணியாற்றியவருக்கு, உரிய ஆலைகளில், அந்நாட்களுக்கு அடிப்படைச் சம்பளத்திலும் பஞ்சப்படியிலும் பாதியை இழப்பீடாகத் தரச் சட்டம் வகைசெய்தது. ஆள் உபரி என்று நிரந்தரமாக அனுப்பினால் அதன் பெயர் 'ரிட்ரெஞ்ச்மென்ட்'.

அமெரிக்க வழக்கு வேறு. கணினி நிறுவனங்கள் ஆயிரக்கணக்கானோரை வீட்டுக்கு அனுப்பியபோது அங்கே சொன்னது லே-ஆஃப். அது பெரும்பாலும் திரும்பாத வேலை. இதையே பிரிட்டனில் 'ரிடன்டன்சி' என்பார்கள். 'ஃபயர்' என்பதோ பெரும்பாலும் ஊழியரின் தவறையோ திறமைக் குறைவையோ காட்டி வெளியேற்றுவது. இவை எல்லாவற்றுக்கும் 'பணிநீக்கம்' என்று ஒரே தலைப்பு போட்டால், குற்றமற்றவர் மீதும் கறை படிகிறது. பக்கத்து வீட்டுக்காரர் வேறு விசாரிக்க வந்துவிடுவார்!

ஊழியரின் தவறில்லாமல் நிரந்தரமாக அனுப்புவதற்கு 'ஆட்குறைப்பு' என்ற நல்ல தமிழ்ச் சொல் இருக்கிறது. செய்தியாசிரியர்கள் அதைப் பயன்படுத்த வேண்டும்.