அப்பாவின் 1939 ரூபாயும் ஒரு பிளாஸ்டிக் பெட்டியும்

மைசூருக்கு மாற்றலாகி வந்ததிலிருந்து, ஊரிலிருந்து யார் வந்தாலும் ஸ்ரீரங்கப்பட்டணத்துக்குக் கூட்டிப் போவது என் வேலையாகிவிட்டது. வண்டியை நிறுத்தியதும் யாராவது ஒரு பையன் ஓடி வருவான். "திப்பு காசு சார், யானை போட்டது, ஒரிஜினல்!" 500-ல் ஆரம்பித்து, நாம் கார் கதவைச் சாத்தும்போது 100-க்கு வந்து நிற்பான். போலி என்று அவனுக்கும் தெரியும், நமக்கும் தெரியும்.

ஆனால் யோசித்துப் பாருங்கள். திப்புவின் நாணயச்சாலை அந்த ஊரில்தான் இருந்தது. யானை போட்ட செப்புக் காசுகள் அங்கேயே அடிக்கப்பட்டவை. அந்தப் பையனின் பையில் ஒரே ஒரு காசு நிஜமாக இருந்தால்? அதற்கும் 100 ரூபாய்தான். நல்லது எது, கெட்டது எது என்று வாங்குபவருக்குத் தெரியாத இடத்தில், நல்லதுக்கும் கெட்டதின் விலைதான் கிடைக்கும். ஜார்ஜ் அகர்லாஃப் 1970-ல் பழைய கார் சந்தையை வைத்து இதைத்தான் எழுதினார். 2001-ல் நோபல் பரிசும் வாங்கினார். பி.காம். படித்தபோது எனக்கு இதை யாரும் சொல்லித்தரவில்லை. அப்பாவின் காசுதான் சொல்லித்தந்தது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அப்பா வைத்துவிட்டுப் போன டப்பாவில் ஆறாம் ஜார்ஜ் தலை போட்ட 1939 ரூபாய் ஒன்று இருந்தது. 11.66 கிராம், 91.7 சதவீதம் வெள்ளி. 1940-லிருந்து வெள்ளியைப் பாதியாகக் குறைத்துவிட்டார்கள். அதனால் பழைய தரத்தில் வந்த கடைசி ரூபாய் இது. இன்று கிடைப்பதும் அரிது. 1938 ரூபாய்க்குக் கிடைப்பதைப் போலப் பல மடங்கு விலை. அதனாலேயே 38-ல் உள்ள 8-ஐச் சுரண்டி 9 ஆக்குகிற கைவேலையும் ரொம்ப காலமாக நடக்கிறது.

அக்கா மகள் கல்யாணத்துக்கு இதை விற்கலாம் என்று பேச்சு வந்தது. பெங்களூரில் ஒரு வியாபாரியிடம் காட்டினேன். லென்ஸ் வைத்துப் பத்து நிமிடம் பார்த்துவிட்டு ஒரு விலை சொன்னார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. அவர் அமைதியாகச் சொன்னார்: "சார், காசு நல்லாத்தான் இருக்கு. ஆனா நான் நம்புனா போதாது. என்கிட்ட வாங்குறவர் நம்பணும்."

பஸ்ஸில் திரும்பும்போது கணக்குப் போட்டேன். நிஜமானால் 50,000, சுரண்டியதானால் வெள்ளி விலை 2,000 என்று வைத்துக்கொள்ளுங்கள் (கணக்குக்காகத்தான்). இரண்டுக்கும் சம வாய்ப்பு. சராசரி 26,000. வியாபாரிக்கு லாபமும் வேண்டும், ரிஸ்க்குக்கும் ஏதாவது வேண்டும். 15,000 சொல்வார். அவர் ஏமாற்றவில்லை. சந்தேகத்துக்கு உண்டான தொகையைக் கழித்திருக்கிறார், அவ்வளவுதான்.

அந்தச் சந்தேகத்தைத் தீர்ப்பதுதான் கிரேடிங் கம்பெனிகளின் தொழில். அமெரிக்காவில் 1986-ல் பி.சி.ஜி.எஸ்., 1987-ல் என்.ஜி.சி. வந்தன. காசைப் பரிசோதித்து 1-லிருந்து 70-க்குள் ஒரு எண் கொடுத்து, பிளாஸ்டிக் பெட்டியில் அடைத்து சீல் வைக்கிறார்கள். அந்த 70 கணக்கு 1949-ல் வில்லியம் ஷெல்டன் என்பவர் அமெரிக்க செப்புக் காசுகளுக்காகப் போட்டது. கம்பெனிகள் சில நிபந்தனைகளோடு உத்தரவாதமும் தருகின்றன. பேங்க் கேரண்டி மாதிரி வைத்துக்கொள்ளுங்களேன். முகம் தெரியாத இரண்டு பேர் போனிலேயே பேரத்தை முடிக்கலாம்.

எங்கள் பிராஞ்சில் நகைக்கடன் கொடுப்பதும் இப்படித்தான். மதிப்பீட்டாளர் உரைகல்லில் உரசி எழுதித் தந்த பிறகுதான் நான் கையெழுத்துப் போடுகிறேன். அவர் எழுதியதால் தங்கத்தின் மாற்று ஒரு துளி கூடவில்லை. என் பயம்தான் குறைந்தது. நகைக்கு ஹால்மார்க்கை 2021 ஜூனிலிருந்து கட்டம் கட்டமாகக் கட்டாயமாக்கியதும் இதற்காகத்தான்.

"சர்டிபிகேட் வாங்கினால் விலை ஏறும்" என்று பலர் சொல்வார்கள். அதில் பாதிதான் உண்மை. சர்டிபிகேட் நல்ல காசின் விலையை ஏற்றும், கெட்ட காசின் விலையைக் கவிழ்க்கும். என் கணக்கில் 26,000 என்பது ஒருவருக்கு 50,000 ஆகும், இன்னொருவருக்கு 2,000 ஆகும். இதில் இன்னொன்றும் இருக்கிறது. நாலு பேர் சர்டிபிகேட்டோடு வந்துவிட்டால், ஐந்தாவதாக வெறும் காசோடு வருபவரை "இவர் ஏன் அனுப்பவில்லை?" என்று பார்ப்பார்கள். அவர் காசுக்கு ஒன்றும் ஆகவில்லை, ஆனாலும் விலை இறங்கிவிடும்.

எனக்கும் பயம்தான். 9 சுரண்டியது என்று வந்துவிட்டால்? பணம் போனால் போகிறது, அப்பா சொன்ன கதையும் அல்லவா போய்விடும்! அக்காதான் தைரியசாலி. "அனுப்பிருடா. தெரியாம வச்சிருந்து என்ன பண்ணப்போறோம்?" ஏஜென்ட் மூலம் அனுப்பினேன். கட்டணம், கமிஷன், இன்ஷூரன்ஸ் என்று சில ஆயிரம் ஆயிற்று. மாதக்கணக்கில் காத்திருந்தோம்.

வந்தது. 9 நிஜமான 9-தான். ஆனால் எண் கொடுக்கவில்லை. 'சுத்தம் செய்யப்பட்டது' என்று எழுதியிருந்தார்கள்.

அம்மா! ஒவ்வொரு தீபாவளிக்கும் விபூதி போட்டுப் பளபளவென்று தேய்த்து லட்சுமி படத்தின் முன் வைப்பாள். அந்தக் கோடுகளை லென்ஸ் பிடித்துவிட்டது. முதலில் சொன்ன விலையைப் போல மூன்று மடங்குக்குக் கொஞ்சம் கூடவே விற்றது. தேய்க்காமல் இருந்திருந்தால் இன்னும் கிடைத்திருக்கும். கல்யாணத்துக்கு உதவியது, அது போதும்.

அதற்காக அந்தப் பெட்டியைக் கும்பிடச் சொல்லவில்லை. கிரேடு என்பது சில நிபுணர்களின் கருத்து. அதே காசை உடைத்தெடுத்துத் திரும்ப அனுப்பி, கூடுதல் எண் வாங்குபவர்களும் உண்டு. எண் ஒன்று கூடினால் விலை சில சமயம் பல மடங்காகும், கண்ணுக்கோ வித்தியாசம் தெரியாது. ஐ.எல். அண்ட் எஃப்.எஸ். 2018-ல் தவணை தவறியதே, அதற்குச் சில வாரங்கள் முன்புவரை அதற்கு உச்சபட்ச ரேட்டிங் இருந்தது. ரேட்டிங்கைப் பார்த்து நம்பியவர்கள் பட்ட பாடு எங்கள் தொழிலில் எல்லோருக்கும் தெரியும். மதிப்பிடுபவருக்குக் கூலி கொடுப்பது சரக்கு வைத்திருப்பவர்தான் என்பதை அங்கேயும் மறக்கக்கூடாது, இங்கேயும் மறக்கக்கூடாது.

ஆகவே என் கட்சி இதுதான். போலி அதிகம் உலவுகிற, விலை உயர்ந்த காசு என்றால் அனுப்புங்கள். தெருவுக்குத் தெரு கிடைக்கிற காசுக்கு அனுப்பினால் கட்டணம்தான் தண்டம். எதுவானாலும் தேய்க்காதீர்கள்.

இன்னொரு முக்கியமான விஷயம். 1972-ம் வருட தொல்பொருள் சட்டப்படி நூறு வயது ஆன காசு தொல்பொருள். தனி ஆள் அதை வெளிநாட்டுக்கு அனுப்பக்கூடாது. அப்பாவின் ரூபாய்க்கு அந்தத் தடை இல்லை. திப்பு காசுக்கு உண்டு. போலி மலிந்து கிடக்கிற காசுக்குத்தான் சர்டிபிகேட் அதிகம் தேவை, அதைத்தான் அனுப்ப முடியாது. சட்டத்தைக் குறை சொல்லவில்லை, அது இல்லாவிட்டால் பாதிக் காசு கப்பலேறியிருக்கும். ஆனால் நகைக்கு ஹால்மார்க் கொண்டுவந்த தேசம், காசுக்கும் இங்கேயே எல்லோரும் நம்பும்படி ஒரு ஏற்பாடு செய்யக்கூடாதா? அதுவரை ஸ்ரீரங்கப்பட்டணத்துப் பையனின் பையில் இருக்கும் நிஜக் காசுக்கும் 100 ரூபாய்தான்.

பி.கு.: டப்பாவில் இன்னும் கொஞ்சம் காசு இருக்கிறது. இந்தத் தீபாவளிக்கு விபூதியை நெற்றியோடு நிறுத்திக்கொள்ளச் சொல்லி அக்காவுக்குப் போன் போட்டுவிட்டேன் :-)