பெயர் ஒன்றாயின் கிளாஸும் ஒன்றா?

பெங்களூரு ஓசூர் சாலையில், சில்க் போர்டுக்கும் எலக்ட்ரானிக் சிட்டிக்கும் இடைப்பட்ட பொம்மனஹள்ளியில் தமிழர் ஒருவர் ‘மனை’ என்றால் இன்றைய வழக்கில் அது வீடு கட்டுவதற்கான வெற்று நிலம். கன்னடர் ‘மனெ’ என்றால் குடியிருக்கும் வீடு. வேர் ஒன்றுதான், ‘மனைவி’ என்ற சொல்லில் பழைய பொருள் நம்மிடமும் எஞ்சியிருக்கிறது. ஆயினும் வாடகை பேசும் இடத்தில் ஒன்றுக்குப் பதிலாக மற்றொன்றை வைக்க முடியாது. மொழியியல் மாணவருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அதே தெருக்களில் தங்கி ஜாவா நிரல் எழுதச் செல்வோர் பலருக்கு விளக்க வேண்டியிருக்கிறது. குறை அவர்களுடையது அன்று, கற்பித்தவர்களுடையது.

வகுப்பறையில் கிளாஸ் என்பது ஒரு பெயர், ஒரு கோப்பு. ஜாவா மெய்நிகர் இயந்திரத்துக்கோ பெயரும் அதை வரையறுத்த கிளாஸ்லோடரும் சேர்ந்தே ஒரு கிளாஸ். ஒரே ஜார் கோப்பை இரு பயன்பாடுகள் தத்தம் லோடர்களால் ஏற்றினால் பிறப்பவை இரு வேறு கிளாஸ்கள். ‘ஆர்டர்’ என்பதை ‘ஆர்டர்’ ஆக மாற்ற இயலாது என்று பிழைச்செய்தி வரும்போது மாணவர் திகைப்பது இதனால்தான். இது அற்ப நுணுக்கமும் அன்று. 1997-இல் விஜய் சரஸ்வத் இந்த விரிசலைக் கொண்டே அன்றைய ஜாவா வகைப் பாதுகாப்பு அற்றது என்று காட்டினார்; 1998-இல் ஷெங் லியாங்கும் கிலாட் பிராக்காவும் லோடர்களுக்கிடையிலான கட்டுப்பாடுகளை வகுத்து அதை அடைத்தனர். இத்தனைக்குப் பின்னும் பாடத்தில் லோடருக்கு ஒரு பக்கம்கூடக் கிடைப்பது அரிது.

அந்த வெற்றிடத்தை ஒரு மந்திரம் நிரப்புகிறது: ‘திரெட்டின் சூழல் லோடரைப் பயன்படுத்து.’ ஜாவா 1.2-இல் வந்த இவ்வசதி திரெட்டின் பண்பு. பகிரப்படும் ஆப்ஜெக்டின் பண்பு அன்று. பொதுத் திரெட் குழுவுக்கு வேலையை மாற்றியதும் அது வேறொன்றாகிவிடலாம். ஜாவா 8-இல் ஓடிய நிரல்கள் சில, 9-க்கு மாறியதும் கிளாஸைக் காணவில்லை என்று நின்றது இதனால்தான்: பொது ஃபோர்க்-ஜாயின் குழுவின் திரெட்டுகள் அப்பதிப்பு முதல் சிஸ்டம் லோடரையே சூழலாகத் தருகின்றன. மந்திரம் பலித்தது தற்செயல்.

கணினிகளுக்கிடையே ஆப்ஜெக்ட் பயணிக்கும்போது நிலைமை இன்னும் கறாரானது. சீரியலாக்கப்பட்ட பைட்டுகளில் கிளாஸின் பெயர் உண்டு, பதிப்பெண் உண்டு, மதிப்புகள் உண்டு, லோடர் இல்லை. ஆகவே முடிவெடுக்க வேண்டியவர் பெறுபவரே. அவர் வாளாவிருந்தால், படிக்கும் ஸ்ட்ரீம் தன்னை அழைத்த நிரல்களின் அடுக்கில் ஜாவாவின் சொந்த லோடர் அல்லாத முதல் லோடரை எடுத்துக்கொள்ளும். அழைத்தது பொது நூலகமாயின், அதன் லோடருக்குப் பயன்பாட்டின் கிளாஸ்கள் தெரியவே தெரியா. அனுப்புபவரே கிளாஸின் முகவரியையும் ஒட்டியனுப்பும் ஆர்எம்ஐ வழி ஒன்று இருந்தது. பாதுகாப்புக் கருதி 2013-இல் அதை இயல்பு நிலையில் மூடிவிட்டார்கள்.

செய்ய வேண்டியது மாயம் அன்று. ஓர் இயந்திரத்துக்குள் பகிரப்படும் இன்டர்ஃபேஸ்களைப் பொதுவான தாய் லோடர் ஒன்று ஒரே முறை ஏற்றட்டும். பயன்பாடுகளின் ஜார்களில் அவற்றின் படி இருக்கலாகாது. வெளியிலிருந்து வரும் ஆப்ஜெக்டைப் படிக்கும் இடத்தில் எந்த லோடர் என்பதைப் பெறுபவர் நிரலில் வெளிப்படையாக எழுதட்டும். தாய் லோடரில் வைத்தால் எல்லாப் பயன்பாடுகளும் ஒரே நாளில் பதிப்பு மாற்ற வேண்டிவரும் என்ற எதிர்வாதம் நியாயமானது. அதனால்தான் அங்கே செல்ல வேண்டியவை மெலிந்த இன்டர்ஃபேஸ்கள் மட்டுமே. அடிக்கடி மாறும் செயலாக்கங்கள் அந்தந்தப் பயன்பாட்டின் லோடரிலேயே இருக்கலாம்.