சுருவில் 50.5 டிகிரி: குளிர் அலை பேரிடர், வெப்ப அலை மட்டும் இல்லையா?

2024 மே கடைசி வாரம் ஞாபகம் இருக்கிறதா? டெல்லி முங்கேஷ்பூரில் 52.9 டிகிரி வெயில் என்று எல்லோர் போனிலும் நோட்டிபிகேஷன் வந்த வாரம். அங்கிருந்த சென்சார் 3 டிகிரி அதிகமாகக் காட்டிவிட்டது என்று இந்திய வானிலை ஆய்வு மையம் பிறகு விளக்கம் சொன்னது. அந்தப் பரபரப்பில் அமுங்கிப்போன ஊர்தான் சுரு. ராஜஸ்தானின் வடக்கே, தார் பாலைவன ஓரத்தில் இருக்கும் இந்த நகரில் மே 28-ம் தேதி பதிவானது 50.5 டிகிரி.

இது சுருவுக்குப் புதுசும் இல்லை. 2019 ஜூன் 1-ம் தேதி அங்கே 50.8 டிகிரி. அதே மாநிலத்தின் பலோடியில் 2016 மே 19-ம் தேதி பதிவான 51 டிகிரிதான் நாட்டின் உச்சம்.

'பாலைவனத்துக்காரங்களுக்கு வெயில் பழகியிருக்கும்' என்று சொல்லிக் கடந்துவிடுவது சுலபம். பழக்கம் இருக்கிறது, உண்மைதான். நமக்கு அக்னி நட்சத்திரம் போல அவர்களுக்கு 'நவ்தபா' என்று ஒன்பது நாள் கணக்கு. அந்த ஆண்டு அது மே 25-ல் தொடங்கியது. காலையிலேயே வேலையை முடிப்பது, தலையில் துணி, மோர், மாங்காய் பானகம் என்று வாழ்க்கையையே வெயிலுக்கேற்ப மாற்றி வைத்திருக்கிறார்கள். ஆனால் மதியம் வீட்டுக்குள் இருக்க முடிந்தவர்களுக்குத்தான் இதெல்லாம் உதவும். மூட்டை தூக்குபவருக்கும் கட்டட வேலை செய்பவருக்கும் அன்றைய கூலி போய்விடும்.

சென்னைப் புழுக்கத்தில் வியர்வை காயாமல் வழிந்துகொண்டே இருக்கும். சுருவில் அது தெரிவதற்குள் காய்ந்துவிடும். உடம்பிலிருந்து எவ்வளவு தண்ணீர் போகிறது என்பதே புரியாது. போதாக்குறைக்கு, 'லூ' எனும் அனல்காற்று உடம்பைவிடச் சூடானது. அது படும்போது உடம்புக்குள் வெப்பம் ஏறத்தான் செய்யும். ஃபேன் போட்டாலும் இதே கதைதான்.

சரி, இது பேரிடரா? அந்த வாரம் அமலில் இருந்த மத்திய அரசின் பட்டியலில் புயல், வெள்ளம், நிலநடுக்கம், மேகவெடிப்பு, பூச்சித் தாக்குதல் வரை 12 இருந்தன. குளிர் அலையும் இருந்தது. வெப்ப அலை இல்லை. குளிர்காலத்தில் சுருவில் வெப்பநிலை பூஜ்ஜியத்துக்குக் கீழே போவதும் உண்டு. ஆக, ஜனவரியில் அதே ஊரில் ஒருவர் விறைத்து இறந்தால் அது பேரிடர் மரணம். மே மாதம் வெயிலில் சுருண்டு விழுந்தால் பட்டியலில் இடமில்லை.

பட்டியலை நீட்டிக்கும் கோரிக்கையில் போதிய நியாயம் இல்லை என்று 15-வது நிதிக்குழு கருதியது. கோடை வருஷா வருஷம் வருவதுதானே என்ற வாதமும் உண்டு. குளிர்காலம் மட்டும் என்ன, எப்போதாவதுதான் வருகிறதா? அந்த மே மாத இறுதியில் ராஜஸ்தான் உயர் நீதிமன்றம் தானாகவே முன்வந்து வழக்கெடுத்து, வெப்ப அலையையும் குளிர் அலையையும் தேசியப் பேரிடராக அறிவிக்க வேண்டும் என்று சொன்னது இதனால்தான்.

மாநிலங்களுக்கு ஒரு குறுக்குவழி இருக்கிறது. மாநிலப் பேரிடர் நிதியில் 10 சதவீதம் வரை, பட்டியலில் இல்லாத உள்ளூர்ப் பேரிடர்களுக்குச் செலவிடலாம். 2024 அக்டோபரில் தமிழ்நாடு அதைத்தான் செய்தது. வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்து, இறந்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம் என்றது. நல்ல முடிவு. ஆனால் வெள்ளத்துக்கு முழு நிதி, வெயிலுக்கு 10 சதவீத ஓரம் என்பது சரியான கணக்கு இல்லை.

பட்டியலில் சேர்த்தாலும் அடுத்த சிக்கல், மரணச் சான்றிதழ். வெயில் பெரும்பாலும் நேரடியாகக் கொல்வதில்லை. பலவீனமான இதயத்தையும் சிறுநீரகத்தையும் சாய்த்துவிடுகிறது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்ததும் உடல் வெப்பநிலையை அளந்து எழுதிவைக்காவிட்டால், சான்றிதழில் 'மாரடைப்பு' என்று மட்டும்தான் இருக்கும். அந்தத் தாளை வைத்துக்கொண்டு நிவாரணம் கேட்டுப் போகும் குடும்பத்திடம், இது வெயிலால்தான் என்று நிரூபிக்கச் சொல்வார்கள்.