முஸ்தபாவைக் காணோம்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஊர் அண்ணன் ஒருவரை வீட்டுக்குக் கூட்டிவந்தேன். சித்தப்பா வகையில் சொந்தம், மன்னார்குடிப் பக்கம். இங்கே கட்டுமான வேலை, துவாஸ் பக்கம் தங்குவிடுதி. ஞாயிறானால் தேக்காவுக்கு வருவார், ஊருக்குப் பணம் போடுவார், சிராங்கூன் சாலையில் கூட்டத்தோடு கூட்டமாக நின்று நாலு பேரிடம் பேசிவிட்டுப் பேருந்து ஏறிவிடுவார். அன்றைக்கு நான்தான் "வாங்கண்ணே, ஒண்ணு காட்டுறேன்" என்று இழுத்துவந்தேன்.

காட்ட நினைத்தது என் ராஸ்பெரி பையை. ரெட்ரோபை போட்டு, எமுலேஷன்ஸ்டேஷனுக்குத் தீம் மாற்றி, ஒவ்வொரு விளையாட்டுக்கும் அட்டைப்படம், லோகோ, முப்பது நொடி வீடியோ முன்னோட்டம் எல்லாம் ஏற்றி வைத்திருந்தேன். நாலு வாரக் கடைசிகள் அதிலேயே போயின. பட்டியலில் ஒரு பெயர்மேல் நின்றால் போதும், இரண்டு நொடியில் படம் கரைந்து வீடியோ ஓடத் தொடங்கும். அண்ணன் சோபாவில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கேட்டார்: "முஸ்தபா இருக்கா தம்பி?"

நான் கடையைச் சொல்கிறார் என்று நினைத்தேன். "அது சையது ஆல்வி ரோட்டுலண்ணே, அங்க இருக்கும்போதே சொல்லியிருக்கலாம்ல?" என்றேன். சிரித்தார். "கடை இல்லப்பா. கேமு. காயின் போட்டு ஆடுவோம்ல."

'எம்' வரிசை முழுக்கத் தேடினோம். மெட்டல் ஸ்லக் இருந்தது, மூன் பாட்ரோல் இருந்தது, முஸ்தபா இல்லை. பத்து நிமிடம் இப்படியே போனது. அதற்குள் அவருக்குப் பேருந்து நேரம் வந்துவிட்டது. கிளம்பும்போது, "பளபளன்னு நல்லாத்தான் இருக்கு தம்பி" என்றார். அந்த "தான்" எனக்கு உறைத்தது.

ராத்திரிதான் கண்டுபிடித்தேன். அது என் பெட்டியிலேயே இருந்தது. கோப்பின் பெயர் 'டினோ'. பட்டியலில் 'சி' வரிசையில், 'கேடிலாக்ஸ் அண்ட் டைனோசார்ஸ்'. 1993இல் கேப்காம் வெளியிட்ட ஆர்கேட் விளையாட்டு, மார்க் ஷூல்ட்ஸின் காமிக்ஸை வைத்துச் செய்தது. அதில் ஆடத் தேர்ந்தெடுக்கக்கூடிய நால்வரில் ஒருவன் முஸ்தபா கைரோ, ஓடிவந்து பறந்து உதைப்பவன். தமிழ்நாட்டிலும் வடக்கேயும் வீடியோ கேம் கடைகளில் அந்தப் பெட்டிக்கே அவன் பெயர்தான். திரையில் வந்த பெயர்களிலேயே நம் தெருவில் கூப்பிட்டுப் பழகிய பெயர் அது ஒன்றுதான் என்பதால் அப்படி ஆகியிருக்கும் என்று நான் நினைக்கிறேன். எப்படியானாலும், கேடிலாக் என்றால் கார் என்று தெரியாத ஒரு தலைமுறை அந்த விளையாட்டின் கடைசிக் கட்டம்வரை போயிருக்கிறது.

என் பெட்டியில் அந்த விளையாட்டுக்கு எல்லா விவரமும் இருந்தது. வெளியான ஆண்டு, நிறுவனம், எத்தனை பேர் ஆடலாம், ஐந்துக்கு எத்தனை நட்சத்திரம். அதை உயிரோடு வைத்திருந்தவர்கள் அதை எப்படி அழைத்தார்கள் என்பது மட்டும் இல்லை.

இதற்கு மென்பொருளைத் திட்டிப் பயனில்லை. பட்டியலை நிரப்பியது நான். நிரப்பியது என்றால், ஒரு பொத்தானை அமுக்கினேன். இதைச் செய்தவர்களுக்குத் தெரியும்: ஸ்கிரேப்பர் என்று ஒரு கருவி, உங்கள் கோப்புகளை அடையாளம் கண்டு, ஸ்கிரீன்ஸ்கிரேப்பர் மாதிரியான பொதுத் தரவுத்தளத்திலிருந்து படம், வீடியோ, விளக்கம் எல்லாவற்றையும் இறக்கி 'கேம்லிஸ்ட்' என்ற ஒரே கோப்பில் எழுதிவிடும். ராத்திரி போட்டுவிட்டுத் தூங்கினால் காலையில் ஆயிரக்கணக்கான விளையாட்டுகளுக்கு வரலாறு தயார். அந்தத் தளத்தைத் தொண்டர்கள் உழைத்து வளர்த்திருக்கிறார்கள், அவர்கள்மேல் எனக்கு மரியாதை உண்டு. அவர்கள் தங்கள் நினைவை எழுதியிருக்கிறார்கள். நான் கேட்பது, நம்முடையதை யார் எழுதுவது?

அட்டைப்பட விஷயத்தைப் பாருங்கள். ஸ்கிரேப்பரில் எந்த வட்டாரத்து அட்டை வேண்டும் என்று கேட்கும்: அமெரிக்கா, ஐரோப்பா, ஜப்பான். பெரும்பாலோர் அமெரிக்கா என்று விட்டுவிடுவோம். அப்புறம் நம் 'டேங்க்' விளையாட்டைத் தேடுங்கள். 'பேட்டில் சிட்டி', நாம்கோ, 1985. அது அமெரிக்க நின்டென்டோவுக்கு வரவே இல்லை. 'சர்க்கஸ் சார்லி', 'ரோடு ஃபைட்டர்' இரண்டும் அப்படித்தான். பக்கத்து புளோக்கில் மைக்ரோ ஜீனியஸ் வைத்திருந்த வீட்டில் செருப்பைக் கழற்றிவிட்டு வரிசையில் காத்திருந்து நான் ஆடியவை இவைதான். அண்ணன் மன்னார்குடியில் ஆடியவையும் இவைதான். தைவானிலும் சீனாவிலும் செய்த நகல் பெட்டிகள் வழியாக வந்த விளையாட்டுகள். அமெரிக்கப் பையன் தன் சின்ன வயதைத் தேடினால் அவன் அலமாரியில் இவை இருக்காது. நம் அலமாரியிலோ, நாம் கண்ணால் கூடப் பார்த்திராத அந்தச் சாம்பல் நிறப் பெட்டியின் படத்துக்குக் கீழே இவற்றைச் சேர்த்து வைத்திருக்கிறோம். ஒரே ஸ்டிக்கரில் பத்து விளையாட்டுப் படம் ஒட்டிய மஞ்சள் கேசட்டுக்கு எந்தத் தீமிலும் இடம் இல்லை.

தீம்களைப் பற்றி ரொம்பச் சொல்ல வேண்டியதில்லை. மரப்பலகை ஒட்டிய தொலைக்காட்சி, தரைவிரிப்பு, நியான் விளக்கு, ஊதா வானம். யாரோ ஒருவருடைய 1985. அழகாகத்தான் இருக்கிறது. அதைப் பார்த்து நாமும் ஏங்குகிறோம் என்பதுதான் எனக்குச் சங்கடம். வாழாத வாழ்க்கைக்கு ஏங்க இலக்கியம் போதாதா?

சரி, தமிழில் எழுதிவிடலாமே என்று உட்கார்ந்தேன். இங்கேதான் கதை சுவாரஸ்யமாகிறது. கேம்லிஸ்ட் வெறும் எழுத்துக் கோப்புதான், யூனிகோட் ஏற்கும். பெயர் என்ற இடத்தில் தமிழில் போட்டேன். வெறும் கட்டங்கள் வந்தன. தீமின் எழுத்துருவில் தமிழ் இல்லை. தீம் கோப்பில் எழுத்துருவின் இடத்தை மாற்றினேன். இப்போது எழுத்து வந்தது, ஆனால் சிதறி வந்தது. நான் வைத்திருக்கும் பதிப்பு ஒவ்வொரு குறியையும் தனித்தனியாக எடுத்து வந்த வரிசையிலேயே அடுக்குகிறது. நம் எழுத்து அப்படி நிற்காது. 'கை' என்பதில் கொம்பு முன்னால் வரவேண்டும், 'மு' என்பது ஒட்டி ஒரே உருவாக வேண்டும். அதைச் செய்ய எழுத்துகளை உருவமைக்கும் ஓர் அடுக்கு தேவை. அது இல்லாவிட்டால் கொம்பு பின்னால் போய்த் தனியாக நிற்கும்.

இந்த ஊரில் தமிழ் படிக்கிற யாருக்கும் இந்தக் காட்சி புதிதல்ல. 2017 தேசிய தின அணிவகுப்பின் கையேட்டில் "ஒன்றிணைவோம் வாரீர்" என்ற வரி எழுத்துகள் சிதைந்துபோய் அச்சாகி வந்தது. ஏற்பாட்டாளர்கள் மன்னிப்புக் கேட்டார்கள். ஃபேஸ்புக்கில் நாம் எவ்வளவு கொதித்தோம்! நான்கு அதிகாரபூர்வ மொழிகளில் ஒன்று, ஒரு வரியைச் சரிபார்க்க ஆளில்லையா என்று நானும் நீட்டி முழக்கினேன். நியாயமான கோபம்தான். ஆனால் அதே நான், என் சொந்த வரவேற்பறையில், யாரும் தடுக்காத இடத்தில், ஆயிரம் விளையாட்டுகளுக்கு ஒரு தமிழ்ச் சொல்கூட இல்லாமல் பட்டியல் போட்டு வைத்திருந்தேன். அங்கே பிழை இருந்தது. இங்கே பிழை வருவதற்குக்கூடத் தமிழ் இல்லை.

நண்பர்கள் இரண்டு விதமாகச் சண்டைக்கு வந்தார்கள். ஒருவன் எழுதுகிறவன், சிறுகதைத் தொகுப்பு போட்டவன். "கேமுக்கெல்லாம் ஆவணமா? இதை ஒரு இலக்கிய இதழ்ல வேற எழுதப்போறியா?" என்றான். 2015இல் சிங்கப்பூர்த் தமிழ் நூல்களை மின்வடிவமாக்கிய திட்டம் வந்தபோது முதலில் கைதட்டியவர்களில் அவனும் ஒருவன். ஐம்பது வருடப் புத்தகங்களைக் காப்பாற்ற வேண்டும் என்பதில் அவனுக்குச் சந்தேகமே இல்லை. அந்த ஐம்பது வருடத்தில் தமிழ்ப் பிள்ளைகள் சாயங்காலம் என்ன செய்தார்கள், எதற்கு என்ன பெயர் வைத்தார்கள் என்பது மட்டும் அற்பம். "முஸ்தபா" என்பது ஒரு மொழியாக்கம், டேய். மொழிபெயர்ப்பாளர் பெயர் இல்லாமல், சந்து சந்தாகப் பரவி, மூலத்தையே மறக்கடித்த மொழியாக்கம். உன் தொகுப்பில் எந்தச் சொல்லுக்கு இந்த அதிர்ஷ்டம் கிடைத்தது?

இன்னொருவன் தொழில்நுட்பக்காரன். அவனுக்கு எல்லாமே எளிது. "ஆங்கிலத்துலயே 'முஸ்தபா'ன்னு அடிச்சிட்டுப் போயேன், யாருக்கு என்ன நஷ்டம்?" நஷ்டம் அவனுக்கு இல்லைதான். அண்ணனுக்கு ஆங்கில எழுத்தைக் கூட்டிப் படிக்க நேரமாகும். அவர் ஆடி ஜெயித்த விளையாட்டு, அவருக்காக நான் திறந்த பெட்டி. அதில் அவரால் வேகமாகப் படிக்க முடியாத பட்டியல். விருந்துக்குக் கூப்பிட்டுவிட்டு உயரமான இடத்தில் தட்டை வைப்பது மாதிரி இல்லையா இது?

சட்டம் பற்றி ஒருவரி, ஏனென்றால் யாராவது கேட்பீர்கள். காப்புரிமை மீறலுக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. ஆனால் இந்த விளையாட்டைக் காசு கொடுத்து வாங்க வழியே இல்லை. 2018இல் கேப்காம் தன் பழைய அடிதடி விளையாட்டுகளைத் தொகுத்து விற்றபோதும் இது அதில் இல்லை. அமெரிக்காவில் 2010க்கு முன் வெளியான விளையாட்டுகளில் 87 விழுக்காடு இன்று விற்பனையில் கிடைப்பதில்லை என்று வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2023இல் ஆய்வு வெளியிட்டது. அமெரிக்காவுக்கே அந்த நிலை. நம் பெயர்களைப் பற்றி எந்த அறக்கட்டளையும் ஆய்வு செய்யப்போவதில்லை.

இனி வீடியோ முன்னோட்டம். இதைத்தான் முதலில் திட்டலாம் என்று இருந்தேன். ஆடாமல் பார்த்துக்கொண்டே இருக்க வைக்கிறது. எனக்கே நடந்தது: ஒரு சாயங்காலம் முழுக்கப் பட்டியலில் கீழே இறங்கிக்கொண்டே முப்பது முப்பது நொடியாகப் பார்த்துவிட்டு எதையும் ஆடாமல் தூங்கிப்போனேன். வாங்கிய புத்தகங்களை அட்டை தெரிய அடுக்கிப் படம்பிடித்துப் போட்டுவிட்டுப் படிக்காமல் விடுகிறோமே, அதே வியாதி. இரண்டு வாரம் கழித்து அண்ணனைத் தேக்கா ஈரச்சந்தை மாடியில் பார்த்தபோது இதைச் சொன்னேன். அவர் ஒத்துக்கொள்ளவில்லை.

"அந்தப் பொட்டியும் யாரும் ஆடலன்னா தானா ஓடும் தம்பி. காசில்லாத அன்னைக்கு ஸ்டிக்கப் புடிச்சுக்கிட்டு நிப்போம். அவன் குதிக்கிறப்ப நாங்களும் ஆட்டுவோம். நாமதான் ஆடுறோம்னு இருக்கும். கடைக்காரர் வந்து தலையில தட்டுறவரைக்கும் ஆட்டம்தான்."

ஆர்கேட் பெட்டிகள் காசு இழுப்பதற்காகத் தானாக ஓடிக்காட்டும் அந்தப் பகுதியின் பேரன்தான் இன்றைய வீடியோ முன்னோட்டம். காசுள்ளவனை இழுக்கச் செய்ததைக் காசில்லாதவன் தன் ஆட்டமாக்கிக்கொண்டான். இதை எந்தத் தரவுத்தளத்தின் விளக்கப் பகுதியில் தேடுவீர்கள்? நான் முன்னோட்டத்தைத் திட்டுவதை நிறுத்தினேன். இறக்கிய முன்னோட்டத்தைத்தான் இப்போது திட்டுகிறேன். யாரோ ஆடிய முப்பது நொடி, யாருடைய குரலும் இல்லாமல்.

அடுத்த ஞாயிறு அவரை மறுபடி கூட்டிவந்து மடிக்கணினியில் ரெட்ரோஆர்க்கில் ஆடவிட்டேன். ஆட்டத்தை அது பதிவு செய்தது, அவர் பேச்சைக் கைபேசியில் தனியாகப் பிடித்தேன். இரண்டையும் சேர்த்து முப்பது நொடியாக வெட்ட அரைமணி நேரம். "தோ வர்றான் பாரு குண்டன், அவனக் கிட்ட விடக்கூடாது" என்று அவர் கத்துவதுதான் இப்போது அந்த விளையாட்டின் முன்னோட்டம். கேம்லிஸ்டில் விளக்கத்தைத் தமிழில் நாலு வரி எழுதினேன், எந்த ஊர், எந்தக் கடை, காயின் என்ன விலை என்று. எழுத்துச் சிதறலுக்கு ஒரு குறுக்குவழி இருக்கிறது: லோகோ வருகிற இடம் படத்தை ஏற்கும், அதனால் பெயரை அழகாகத் தமிழில் எழுதிப் படமாக்கி அங்கே வைத்துவிடலாம். விளக்கத்தையும் அப்படியே படமாக்கினேன். அசிங்கமான வழிதான். உருவமைப்பை மென்பொருளிலேயே சரிசெய்யத் தெரிந்தவர்கள் நம்மில் நிறைய, இந்த ஊரில் தெருவுக்கு நாலு தமிழ்ப் பொறியாளர்கள். அவர்கள் செய்யட்டும், நான் உடனே படங்களைத் தூக்கிவிடுகிறேன். ஒரு எச்சரிக்கை: எமுலேஷன்ஸ்டேஷன் ஓடிக்கொண்டிருக்கும்போது கேம்லிஸ்டைத் திருத்தாதீர்கள். மூடும்போது அது தன் பிரதியை மேலே எழுதிவிடலாம். எனக்கு ஒரு சாயங்கால எழுத்து அப்படிப் போயிற்று.

இதுவரை பதினோரு விளையாட்டுகள் முடிந்திருக்கின்றன. ஆயிரத்தில் பதினொன்று. மீதியில் பெரும்பாலானவற்றை அழித்துவிட்டேன், நானோ எனக்குத் தெரிந்தவர்களோ ஆடாதவை அவை.

பட்டியலில் பெயரைத் தமிழில் போட்டதால் 'மு' மட்டும் இன்னும் உடைந்துதான் தெரிகிறது. வரிசையில் தமிழ் எழுத்துகள் ஆங்கில 'இசட்'டுக்கும் பின்னால் போய் விழுகின்றன. அதனால் முஸ்தபா கடைசிக்குப் பக்கத்தில். அண்ணனுக்கு அது வசதியாகப் போயிற்று. பட்டியலின் உச்சியில் நின்று மேல் பொத்தானை இரண்டு தடவை தட்டினால் சுற்றிக்கொண்டு அங்கே போய் நிற்கிறது. அவர் திரையைப் பார்ப்பதுகூட இல்லை.