புனங்காவலும் புழைக்கடைத் தோட்டமும்

வீட்டை ஒட்டியமைந்த தோட்டத்தைச் சங்கப் புலவர்கள் ‘படப்பை’ என்றனர். நம் பாட்டிமார் ‘கொல்லை’ என்றனர். முல்லை நிலத்துப் புன்செய்யைக் குறித்து வந்த கொல்லை என்னும் சொல், காலப்போக்கில் வீட்டின் பின்புறத்திற்கும் பெயராயிற்று. கீரைக்கு ‘அடகு’ என்பது பழம்பெயர். மிளகுக்குக் ‘கறி’ என்பது பழம்பெயர். இன்று நம் இல்லங்களில் கறி என்றால் ஆட்டிறைச்சி ஒன்றே பொருள். அந்தக் கறிக்கு மணமூட்டும் புதினாவும் மல்லித்தழையும் கடையிலிருந்து வரலாகாது, கொல்லையிலிருந்தே வரவேண்டும் என்பது நம் பாட்டியார் வகுத்த சட்டம். ஒளுச் செய்த நீர் ஓடி வாழையடியிலும் புதினாப் பாத்தியிலும் தேங்கும்படி அவர் வாய்க்கால் வெட்டி வைத்திருந்தார். சிட்டுக்குருவி கொத்தியது போக எஞ்சியதே நமக்கு என்பார். அவ்வாறு சொல்லும் துணிவு அவருக்கு எங்கிருந்து வந்தது என்பதனை நாம் அந்நாளில் எண்ணிப் பார்த்ததில்லை. தெப்பக்காடு சென்று திரும்பிய பின்னரே அது நமக்கு விளங்கிற்று.

கடந்த ஆண்டு குறிஞ்சித் திணையைப் பாடமாக நடத்தி முடித்த கையோடு, மாணவர்களை அழைத்துக்கொண்டு நீலகிரி மாவட்டத்துத் தெப்பக்காட்டிற்குச் சென்றோம். முதுமலைக் காட்டினுள், மாயாற்றின் கரையில், கூடலூரிலிருந்து மைசூர் செல்லும் சாலையினின்று மசினகுடிச் சாலை பிரியும் இடத்தில் அமைந்தது அவ்வூர். 2023-ஆம் ஆண்டு ஆஸ்கர் விருது பெற்ற ‘தி எலிஃபண்ட் விஸ்பரர்ஸ்’ என்னும் ஆவணப்படத்தின் வாயிலாக அங்குள்ள யானைகள் முகாமை உலகமே அறிந்துகொண்டது. மாலை வேளையில் முகாமில் யானைகளுக்கு உணவூட்டும் காட்சியைக் கண்டோம். கேழ்வரகும் கொள்ளும் அரிசியும் வேகவைத்து, வெல்லமும் உப்பும் சேர்த்து, உருண்டை உருண்டையாக ஊட்டுகின்றனர். எந்த யானைக்கு எது எவ்வளவு என்பதற்கு அளவு உண்டு. அதனைப் பார்த்துச் சொல்ல மருத்துவர் உண்டு. கண்டு மகிழ்ந்தோம்.

அம்மகிழ்ச்சி அருகிலிருந்த குடியிருப்பை அடையும் வரையில்தான் நிலைத்தது. அங்கே ஒரு மூதாட்டியார் தம் குடிசையின் பின்புறத்தைக் காட்டினார். நான்கு முழ அகலத்தில் ஒரு பாத்தி. மூங்கில் தப்பைகளையும் பழைய புடைவைகளையும் கொண்டு கட்டிய வேலி. உள்ளே தண்டுக்கீரை, மிளகாய், ஓர் அவரைக்கொடி, ஓரத்தில் கைப்பிடியளவு கேழ்வரகு. முந்தைய இரவில் மான்கள் வேலியைத் தாண்டிக் கீரையை மேய்ந்திருந்தன. கேழ்வரகுக் கதிர்கள் யானையின் வாய்க்குள் போயிருந்தன. எஞ்சிய தண்டுகளில் நுனியை மட்டும் கிள்ளி, அடியிலைகளை விட்டுவைத்து, மடியில் சேர்த்துக்கொண்டார். நாம் கிள்ளினால் மறுபடியும் துளிர்க்கும், பன்றி வந்தால் வேரோடு போய்விடும் என்று விளக்கினார். அவருடைய குடும்பத்தார் முகாமில் யானை பராமரிப்பவர்கள். “முகாம் யானைக்கு நாங்க சோறு ஊட்டுறோம். காட்டு யானை அதுவா வந்து எங்க சோத்தைத் திங்குது. ரெண்டும் யானைதானே கண்ணு, எதைக் கோவிக்கிறது?” என்றார். மாணவர்கள் சிரித்தனர். நமக்குச் சிரிப்பு வரவில்லை.

காரணம், அந்தப் பாத்தியைத்தான் நாம் ஒரு திங்கள் முழுவதும் வகுப்பறையில் பாடமாக நடத்தியிருந்தோம். தினைப்புனம் காத்தல் குறிஞ்சித் திணையின் கருப்பொருள்களுள் ஒன்று. தொண்ணூற்றொன்பது பூக்களை அடுக்கிச் சொல்லும் கபிலரின் குறிஞ்சிப்பாட்டில், கிளியோட்டுதற்குத் தலைவியும் தோழியும் அனுப்பப்படுகின்றனர். தட்டை, குளிர், தழல் என்னும் கிளிகடி கருவிகளை வைத்துக்கொண்டு, புலியும் அஞ்சும் உயர்ந்த பரணில் அமர்கின்றனர். ‘இக்கருவிகள் யாவை’ என்பது இரண்டு மதிப்பெண் வினா. ‘புனங்காவல் களவொழுக்கத்திற்கு எவ்வாறு துணைசெய்கின்றது’ என்பது பத்து மதிப்பெண் வினா. காதலர் சந்திப்பதற்கு வாய்த்த இடமாகப் புனத்தைக் கண்ட நாம், ஒரு குடும்பத்தின் ஓராண்டு உணவு அதில் நின்றது என்பதனைச் சொல்லிக்கொடுக்கத் தவறினோம். புலியும் அஞ்சும் பரணை மரத்தின்மேல் கட்ட வேண்டிய தேவை ஏன் எழுந்தது என்று எந்த மாணவரும் கேட்டதில்லை. தெப்பக்காட்டில் அத்தேவை இன்றும் உள்ளது. பரண்தான் இல்லை.

பரண் எங்கே போயிற்று என்பது நீலகிரியின் வரலாறு. நீலகிரிச் சரிவுகளில் இருளரும் குறும்பரும் கொத்துக்காட்டு முறையில் கேழ்வரகு, சாமை, கீரை முதலியவற்றை விளைவித்து வந்தனர். காட்டுநாயக்கர் தேனும் கிழங்கும் கீரையும் காட்டிலிருந்தே பெற்றனர். 1882-ஆம் ஆண்டின் சென்னை வனச்சட்டம் காடுகளை அரசின் காப்புக்காடுகளாக்கியது. முதுமலை 1940-இல் வனவிலங்குச் சரணாலயமாகவும், 2007-இல் புலிகள் காப்பகமாகவும் ஆயிற்று. காட்டையும் விலங்கையும் காக்க இவை வேண்டியனவே. அதனை மறுப்பார் இலர். ஆயினும் புனம் பாத்தியாகச் சுருங்கிய கதையும் இதனுள் அடங்கும்.

அதே மலையின் உச்சியில் வேறொரு காய்கறித் தோட்டத்தின் கதை நடந்தது. உதகையில் குடியேறிய ஐரோப்பியர்கள் தமக்கு மலிவாகக் காய்கறி கிடைக்கவேண்டி, 1845-ஆம் ஆண்டளவில் மாதம் 3 ரூபாய் சந்தா செலுத்தி ஒரு தோட்டம் அமைத்தனர். அம்முயற்சி செவ்வனே நடைபெறவில்லை. 1848-இல் இலண்டன் கியூ தோட்டத்துப் பயிற்சி பெற்ற மெக்ஐவர் வந்து அதனைப் பூந்தோட்டமாக உருவாக்கினார். இன்று மே மாதந்தோறும் மலர்க்கண்காட்சி நிகழும் அரசுத் தாவரவியல் பூங்கா அதுவே. ஆள்வோரின் கீரைப்பாத்தி நாடறிந்த பூங்காவாக வளர்ந்தது. காட்டுக்குடிகளின் புனமோ புடைவை வேலிக்குள் ஒடுங்கியது. ஒரு மலையில் இரு தோட்டங்கள். இரண்டின் ஊழும் வேறு.

விலங்குகளைக் குறைகூறுவதற்கும் இடமில்லை. வளர்ந்த யானைக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 150 கிலோ தீவனம் வேண்டும். முதுமலையின் பெரும்பரப்பை உண்ணிச்செடி மூடிக்கிடக்கின்றது. அதன் அடியில் புல் தழைப்பதில்லை. பூவின் அழகுக்காக ஐரோப்பியர் நம் நாட்டுத் தோட்டங்களுக்குக் கொணர்ந்த செடி அது! ஒருவர் தோட்டத்து அழகு தப்பியோடி, காட்டு விலங்கின் புல்லைக் கெடுக்க, அவ்விலங்கு பசித்து வந்து வேறொருவர் தோட்டத்தைத் தின்கின்றது.

ஈண்டு நம் பாட்டியாரின் சொல் நினைவிற்கு வருகின்றது. ஒருவர் நட்ட மரத்திலிருந்தோ விதைத்த பயிரிலிருந்தோ மனிதரும் பறவையும் விலங்கும் உண்பது, நட்டவருக்குத் தருமமாக எழுதப்படும் என்பது நபிமொழியின் கருத்து. பாட்டியாரின் துணிவு அதிலிருந்து பிறந்தது. ஆனால் அவர் கொடுத்தது சிட்டுக்குருவிக்கு; அவருடைய அடுக்களையில் அரிசிப் பானை நிறைந்திருந்தது. விளைச்சலுக்குரிய ஜகாத்தாகிய உஷ்ரின் அளவையும் இங்கே நோக்குதல் தகும். மழையால் தானே விளைந்ததில் பத்தில் ஒரு பங்கு. மனிதர் உழைத்து நீரிறைத்து விளைவித்ததில் இருபதில் ஒரு பங்கு. உழைப்பு மிகுந்தால் கடமை குறைகின்றது. தருமத்தை விதித்த மார்க்கமே வியர்வையையும் கணக்கில் எடுத்துக்கொள்கின்றது. தெப்பக்காட்டு மூதாட்டியாரிடமோ பத்தில் பத்தும் எடுக்கப்படுகின்றது. அவர் கோபிக்கவில்லை என்பது அவருடைய பெருந்தன்மை. அப்பெருந்தன்மையை நம்பி நாம் வாளாவிருப்பது சிறுமை.

‘காட்டோரத்தில் தோட்டம் எதற்கு? அது விலங்குகளை வரவழைக்கும். கூடலூர்ச் சந்தையில் காய்கறி வாங்கிக்கொள்ளலாமே’ என்பார் உளர். இக்கூற்றின் முற்பகுதியில் உண்மை உண்டு. வாழையும் பலாவும் கரும்பும் யானையை அழைக்கும். ஆனால் கீரை சந்தையில் வாங்கப்படும் நாளில் விலையாகின்றது. விலையாகும் நாளில் ஏழையின் உணவிலிருந்து முதலில் நீங்குவதும் அதுவே. காடு தரும் கீரையும் குறைந்து, கொல்லையும் பறிபோனால், எஞ்சுவது நியாயவிலைக் கடை அரிசி ஒன்றுதான். மேலும், தோட்டம் இழந்த வீட்டில் விதை பாதுகாப்பதில்லை. எந்தக் கீரையை எப்போது கிள்ளவேண்டும் என்னும் அறிவும் பேத்திக்குச் சேர்வதில்லை.

ஆதலின் நாம் வலியுறுத்துவது ஒன்றே: யானையைக் காண மகிழ்ந்து செல்லும் அனைவரும் யானையின் பசிக்குப் பங்கு செலுத்த வேண்டும். அச்சுமை கீரைப்பாத்தியின்மேல் மட்டும் விழலாகாது. சுற்றுலாவில் கிடைக்கும் வருவாயில் ஒரு பகுதி, குடியிருப்புகளைச் சுற்றிப் பொதுவேலி அமைக்கச் செல்லட்டும். ஏக்கர்க் கணக்கில் பயிரிழப்பை அளக்கும் இழப்பீட்டு முறை, முழக்கணக்கில் உள்ள பாத்தியையும் காணட்டும். 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம், 13-12-2005-க்கு முன்னர் வனநிலத்தில் வாழ்ந்தும் பயிரிட்டும் வந்த பழங்குடியினர்க்கு 4 ஹெக்டேர் வரையில் உரிமை வழங்க இடமளிக்கின்றது. அவ்வுரிமை வழங்கப்படும்போது வீட்டுக்குப் பின்னுள்ள கொல்லையும் அதனுள் அடங்கட்டும். யானை பெரிதும் விரும்பாத மிளகாய், மஞ்சள், இஞ்சி, எலுமிச்சை ஆகியவற்றை ஓரத்திலும், கீரையையும் அவரையையும் நடுவிலும் வைத்துப் பயிரிட வேளாண்துறை துணைநிற்கட்டும். கென்யா நாட்டில் கம்பங்களுக்கிடையே தேன்பெட்டிகளைத் தொங்கவிட்டு யானைகளை விலக்குகின்றனர். தேனீயை அறிந்தவர் காட்டுநாயக்கரைப் போல் யாருளர்? அவர்களிடமே அம்முறையை ஒப்படைத்துச் சோதிக்கலாம்.

தமிழ் பயிலும் மாணவச் செல்வங்களுக்கும் ஒரு பணி உண்டு. குறிஞ்சிப்பாட்டின் பூக்களை மனப்பாடம் செய்யும் நீங்கள், குறிஞ்சி நிலத்து மக்கள் இன்று உண்ணும் கீரைகளின் பெயர்களையும் அவர்களிடம் கேட்டு எழுதுங்கள். எந்த மாதத்தில் விதைப்பர், எப்படிக் கிள்ளுவர், எதனோடு சேர்த்துச் சமைப்பர் என்பனவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள். அதுவும் தமிழாய்வே.

நாம் விடைபெற்ற வேளையில், மடியிலிருந்த கீரையில் பாதியை எடுத்து மாணவி ஒருவரின் கையில் வைத்தார் அம்மூதாட்டியார். மறுக்க முற்பட்டோம், அவர் விடவில்லை. மானுக்கும் யானைக்கும் போக மிஞ்சியதில் விருந்தினர்க்கும் பங்கு வைத்தார். அக்கீரையை அன்றிரவு கூடலூரில் நாம் தங்கிய இடத்தில் சமைத்து உண்டோம். அந்த ஒரு பிடிக்கு நாம் பட்ட கடன் இன்னும் தீரவில்லை.