மாலையோடு தீர்ந்த கடமை

பல்கலைக்கழகத்தில் இடம் பெற்ற மாணவனுக்குச் சமுதாயம் பொன்னாடை போர்த்துகிறது. தலைவர்கள் படம் எடுத்துக்கொள்கிறார்கள். அத்தோடு கடமை தீர்ந்தது! மூன்றாம் வாரத்தில் அவன் என்ன ஆனான் என்று கேட்பார் யார்?

தமிழ்ப் பள்ளியில் ஆறாண்டு தமிழிலும், இடைநிலைப் பள்ளியில் மலாயிலும் பயின்றவன் அவன். மலாயாப் பல்கலைக்கழக விரிவுரை மண்டபத்திலோ பார்வை நூல்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில். ஓர் அத்தியாயத்திற்கு ஓர் இரவு போதவில்லை. ஐயம் கேட்க நாணுகிறான், கேளாமையால் பின்தங்குகிறான், பின்தங்கியதை வீட்டாரிடம் சொல்லக் கூசுகிறான். சோம்பேறி என்று பழிப்பது எளிது. நூலகத்தில் நூல் தேடும் முறையைக்கூட அவனுக்கு எவரும் காட்டவில்லையே!

அறிமுக வாரம் இருக்கிறதே என்பர். ஒரு வாரத்தில் கட்டடங்களின் பெயரை அறியலாம். (பகடிவதையைப் பற்றிப் பேசவே நாக் கூசுகிறது.) படிக்கும் முறையை அறிய 14 வாரப் பருவம் முழுதும் வேண்டும். அப்பணி மூத்த தமிழ் மாணவருடையது. கலை இரவுக்குத் திரட்டும் ஆள்பலத்தில் பாதி போதும். மூத்தவர் ஒருவருக்குப் புதியவர் இருவர் என உடனிருந்து, முதல் இடுபணியையேனும் படித்துத் திருத்தித் தரலாம்.

ஆசிரியரும் தப்ப முடியாது. ஆறாம் படிவம்வரை மாதிரி விடைகளையே மனனம் செய்வித்து அனுப்பியவர் யார்?