உடம்பு பிடித்துவிட்டால் தூக்கம் வருமா?

காலைப் பெரட்டு முடிந்த கையோடு தோட்டத்து ஆஸ்பத்திரி வாசலில் வந்து நிற்கிறவர்களில் பல பேர் கேட்பது ஒன்றுதான். "டிரசர் ஐயா, ராத்திரி படுத்தும் தூக்கம் இல்ல. ஒடம்பு அடிச்சுப் போட்டாப்புல இருக்கு. ரெண்டு வலி மாத்திரை கொடுங்க." கொடுக்கிறோம். மறுநாளும் அதே ஆள் அதே வாசலில் நிற்கிறார். வலி மாத்திரையை நாள்தோறும் விழுங்கினால் வயிற்றில் புண் வரும், சிறுநீரகமும் கெடும். ஆகவே இந்த முறை மாத்திரை இல்லாத ஒரு வழியைப் பற்றி எழுதுகிறேன். அதுதான் உடம்பு பிடித்துவிடுவது.

"இதென்ன பெரிய வைத்தியம், எங்க பாட்டி காலத்துலேயே இருந்ததுதானே" என்பீர்கள். இருந்தது. அந்தி சாய்ந்ததும் அஞ்சடியில் பாயை விரித்து, பேரப்பிள்ளைகளைக் கால் மிதிக்கச் சொன்ன கிழவர்களை நானும் பார்த்திருக்கிறேன். இன்று அந்தப் பிள்ளைகள் கையில் கைப்பேசி. பெரியவர்கள் கையிலும் அதேதான்.

நம் ஆட்களுக்குத் தூக்கம் ஏன் இவ்வளவு முக்கியம்? பீடோர் பக்கம் பால்மரம் குறைந்து செம்பனை பெருகிவிட்டது. ஆனாலும் மீதமிருக்கிற மரங்களை விடியுமுன் போய்த்தான் வெட்ட வேண்டும். இது கங்காணியின் பிடிவாதம் இல்லை. குளிர்ந்த நேரத்தில் மரத்தின் பால்குழாய்களில் அழுத்தம் மிகுந்திருக்கும், பால் நன்றாக ஓடும். வெயில் ஏறி இலை நீரை இழுக்க ஆரம்பித்தால் ஓட்டம் தளர்ந்துவிடும். அதனால் நாலரை மணிக்கு எழுந்தே ஆக வேண்டும். வளர்ந்தவர்களுக்குக் குறைந்தது ஏழு மணி நேரத் தூக்கம் தேவை. கணக்குப் போட்டுப் பாருங்கள், ஒன்பதரைக்கே கண் மூடியிருக்க வேண்டும். பதினோரு மணிக்குப் படுத்து, வலியில் பன்னிரண்டு வரை புரண்டுவிட்டு, காலையில் தெம்பு இல்லை என்றால் எப்படி இருக்கும்? செம்பனைக்காரர் பாடும் லேசு இல்லை. கழுத்தை அண்ணாந்தபடியே அரிவாள் கம்பைப் பிடிக்கிறார். கீழே விழும் குலை இருபது கிலோவுக்கு மேலும் இருக்கும்.

பிடித்துவிடும்போது நடப்பது இதுதான். இறுகிக் கிடக்கும் சதை தளர்கிறது, நெஞ்சுத் துடிப்பும் மூச்சும் நிதானப்படுகின்றன, வலி கொஞ்ச நேரம் அடங்குகிறது. அந்த நேரத்தில் தூக்கம் வந்து பிடித்துக்கொள்கிறது. உடம்பில் தேங்கிய லாக்டிக் அமிலத்தைப் பிழிந்து வெளியேற்றும் என்று சிலர் சொல்கிறார்கள். அது சரியல்ல. அந்த அமிலம் வேலை முடிந்து ஒரு மணி நேரத்துக்குள் தானாகவே குறைந்துவிடும். முதுகு வலிக்குப் பிடித்துவிடுவதைப் பற்றிய ஆய்வுகளையெல்லாம் 2015ல் ஒன்றுசேர்த்துப் பார்த்தவர்கள், பலன் உண்டு, ஆனால் கொஞ்ச காலத்துக்குத்தான், அதற்கும் ஆதாரம் வலுவாக இல்லை என்றார்கள். அதனால் மாதத்துக்கு ஒருமுறை காசு கொடுத்து ஊருட் போய் வருவதைவிட, வீட்டிலேயே வாரத்துக்கு மூன்று நாலு ராத்திரி, கால் மணி நேரம் என்பது மேல் என்பது என் கருத்து. அரசாங்கமே 2007ல் கெப்பாலா பத்தாஸ் மருத்துவமனையில் பாரம்பரிய உருவு சிகிச்சையைத் தொடங்கியது. ஆகவே பழம் பஞ்சாங்கம் என்று தள்ள வேண்டியதில்லை.

படுக்கப் போவதற்கு ஒன்றிரண்டு மணி நேரம் முன்னதாக வெதுவெதுப்பான தண்ணீரில் குளியுங்கள். அதுவே தூக்கத்தைச் சற்று சீக்கிரம் கொண்டுவரும். பிறகு தேங்காய் எண்ணெயோ நல்லெண்ணெயோ, எதுவானாலும் சரி, கை வழுக்கத்தான் எண்ணெய். கெண்டைக்காலைக் கணுக்காலிலிருந்து மேல்நோக்கி உள்ளங்கையால் நீவுங்கள். முதுகில் தண்டெலும்பின் மேல் அழுத்தாமல் இரு பக்கமும் பிடியுங்கள். பால்வெட்டுக்காரருக்கு உளி பிடிக்கிற முன்கையை மறக்காதீர்கள். கத்தக் கத்தப் பிடித்தால்தான் குணம் என்பது தப்பு. வலிக்கப் பிடித்தால் தூக்கம் கலையும்.

இனி வயிற்றெரிச்சலைச் சொல்கிறேன். யாருடைய முதுகைப் பிடிப்பது? இந்த வீட்டு வைத்தியத்தில் ஆண் படுத்திருக்கிறான், பெண் பிடிக்கிறாள். அவளும் நிரைக்குப் போனவள்தான், குனிந்து குனிந்து உதிரி பொறுக்கியவள்தான். வந்து சமைத்து, துவைத்து, கடைசியாகப் படுத்து முதலில் எழுகிறாள். அவள் முதுகு என்ன மரக்கட்டையா? ஒரு தம்பியிடம் இதைச் சொன்னேன். "என்ன ஐயா, நான் பொண்டாட்டி கால பிடிச்சா லயமே சிரிக்கும்" என்றான். "கதவைச் சாத்திக்கிட்டுப் பிடிப்பா" என்றேன். மூன்று வாரம் கழித்துப் பிள்ளைக்குக் கட்டுப் போட வந்த அந்தப் பெண், "இப்பல்லாம் மணி அடிக்குமுன்ன நானா முழிச்சுக்கிறேன் ஐயா" என்று சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். இதற்கு மேல் நான் ஒன்றும் கேட்கவில்லை.

சம்சு குடித்தால் நன்றாகத் தூங்கலாம் என்கிற அண்ணன்மாருக்கு ஒரு வார்த்தை. முதலில் ஆளைச் சாய்க்கும், பின்னிரவில் தூக்கத்தைக் கலைக்கும். காலையில் தலை கனப்பது அதனால்தான்.

பிடிக்கக் கூடாத இடமும் உண்டு. ஒரு கால் மட்டும் வீங்கிச் சிவந்து சூடாக இருந்தால் தொடாதீர்கள். உள்ளே ரத்தம் கட்டியிருக்கலாம், அது நகர்ந்து நுரையீரலை அடைத்தால் உயிருக்கே ஆபத்து. காய்ச்சல், எலும்பு முறிவு, இடுப்பிலிருந்து கால் வரை சுளீர் என்று இழுத்து மரத்துப்போகிற வலி, இவற்றுக்கும் வேண்டாம். அந்த வலியோடு சிறுநீர் போவதில் தொல்லை வந்தால் அன்றைக்கே தாப்பா மருத்துவமனைக்குப் போங்கள். ஒரு தோட்டத்தில் குலை தூக்கும்போது இடுப்பு பிடித்துக்கொண்ட ஒருவர் எட்டு மாதம் தைலம் தேய்த்தே காலம் தள்ளினார். காயம் எந்த ஏட்டிலும் ஏறவில்லை. பின்னால் சொக்சோவுக்கு எழுதும்போது காட்ட ஒன்றும் இல்லை. வேலையில் வந்த வலி என்றால் அன்றே என்னிடம் சொல்லுங்கள், தேதி போட்டு எழுதிவைக்கிறேன். வாரத்துக்கு 45 மணி நேரம்தான் என்று 2023ல் சட்டம் வந்தது. சுமை குறையாமல் எண்ணெய் மட்டும் போதும் என்று எந்த நிர்வாகமும் இந்தக் கட்டுரையைக் காட்டி என்னிடம் பேச வேண்டாம்.

விண்டர்கிரீன் கலந்த தைலத்தைப் பிள்ளைகளுக்கு எட்டாமல் வையுங்கள். கலப்பில்லாத அந்த எண்ணெய் ஒரு தேக்கரண்டியில் ஏறக்குறைய 7 கிராம் ஆஸ்பிரினுக்குச் சமமான சரக்கு இருக்கிறது. சின்னப் பிள்ளை குடித்தால் தாங்காது. இனிப்பு நீர் உள்ளவர்கள் வெந்நீரில் கால் வைக்குமுன், கால் பிடிக்கச் சொல்லுமுன், பாதத்தை ஒருமுறை என்னிடம் காட்டிவிட்டுப் போங்கள். உணர்ச்சி குறைந்த பாதத்துக்குச் சூடும் தெரியாது, புண்ணும் தெரியாது.